கையெழுத்து ஒருவருடையது, வலி இன்னொருவருடையது

டேன் எரிக்சன் உருவாக்கி, பென் ஸ்டில்லர் பெரும்பகுதியை இயக்கிய ‘செவரன்ஸ்’ தொடர் 2022 பிப்ரவரியில் ஆப்பிள் டிவி பிளஸ் தளத்தில் வெளியானது. முதல் பருவம் ஒன்பது பகுதிகள். பத்துப் பகுதிகள் கொண்ட இரண்டாம் பருவம் 2025 ஜனவரியில் தொடங்கி மார்ச்சில் முடிந்தது. அந்த ஆண்டின் எம்மி விருதுகளில் எட்டு இதற்குக் கிடைத்தன. நாயகியாக நடித்த பிரிட் லோவர் சிறந்த நடிகை விருதையும், மேலாளராக வரும் டிராமெல் டில்மன் சிறந்த துணை நடிகர் விருதையும் பெற்றார்கள்.

ஓர் உடலுக்குள் இரண்டு ஆட்கள் வாழும் கதை இது. இதைப் பற்றிப் பேசும்போது மூன்று குழப்பங்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. இது பிளவாளுமை நோயைப் பற்றிய கதை என்பது முதல் குழப்பம். அலுவலகத்துக்குள் இருப்பவர் ஞாபகம் போன ஒருவர், அவ்வளவுதான் என்பது இரண்டாவது. அவரே சம்மதித்துத்தானே சேர்ந்தார், பிறகு என்ன புகார் என்பது மூன்றாவது. மூன்றையும் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால், இந்தத் தொடர் கேட்கும் கேள்வி எவ்வளவு பெரியது என்பது புரியும். கதையின் முக்கியத் திருப்பங்களைச் சொல்லாமல் அதைப் பேச முடியாது. இனிமேல் பார்க்கப் போகிறவர்கள் இதை மனத்தில் கொள்ளவும்.

லிஃப்டுக்கு மேலும் கீழும்

லூமன் இண்டஸ்ட்ரீஸ் என்பது ஒரு கற்பனை நிறுவனம். அதன் குறிப்பிட்ட ஒரு தளத்தில் வேலை செய்ய விரும்புகிறவர்கள் மூளைக்குள் ஒரு சிப் பொருத்திக்கொள்ள வேண்டும். காலையில் லிஃப்ட் கீழே இறங்கும்போது வெளி வாழ்க்கையின் நினைவுகள் அடைபட்டுவிடும். மாலையில் மேலே ஏறும்போது அலுவலக நினைவுகள் அடைபடும். உள்ளே இருப்பவரை ‘இன்னி’ என்றும் வெளியே இருப்பவரை ‘அவுட்டி’ என்றும் தொடரில் அழைக்கிறார்கள்.

நாயகன் மார்க் ஸ்கவுட் ஒரு முன்னாள் வரலாற்றுப் பேராசிரியர். மனைவி ஜெம்மா கார் விபத்தில் இறந்துவிட்டதாக நம்புகிறார். அந்தத் துக்கம் இல்லாமல் தினமும் எட்டு மணி நேரமாவது கழியட்டும் என்றுதான் இந்த வேலையில் சேர்கிறார். உள்ளே அவர் பெயர் மார்க் எஸ். மனைவி என்று ஒருத்தி இருந்ததே மார்க் எஸ்ஸுக்குத் தெரியாது.

மாற்றம் நிகழும் கணத்தைத் தொடர் எப்படிக் காட்டுகிறது என்று கவனியுங்கள். லிஃப்டில் ஒரு மணி ஒலிக்கிறது. திரையில் முகம் அதே அளவில் நிற்க, பின்னணி மட்டும் விலகி நெருங்குகிறது. மார்க்காக நடிக்கும் ஆடம் ஸ்காட்டின் இமைகள் ஒரு முறை துடிக்கின்றன. கண்ணைத் திறக்கும்போது முகத்தில் இருந்த களைப்பும் கசப்பும் காணாமல் போயிருக்கின்றன. ஒப்பனை மாறவில்லை, உடை மாறவில்லை, குரலும் அதே குரல்தான். ஆனாலும் நிற்பது வேறு ஆள் என்பது நமக்கு உடனே தெரிகிறது.

இப்போது அந்த இன்னியின் பக்கமிருந்து ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். மாலையில் லிஃப்டுக்குள் ஏறுகிறார், கதவு மூடுகிறது. அடுத்த நொடி கதவு திறக்கிறது. மறுபடியும் அலுவலகம், மறுநாள் காலை. வீடு இல்லை, சாப்பாட்டு மேசை இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை. தூங்கியதன் தெம்பு உடம்பில் இருக்கிறது, ஆனால் தூங்கிய அனுபவம் இல்லை. அவருடைய ஆயுள் முழுவதும் நீண்டு செல்லும் ஒரே வேலை நாள். எரிக்சன் கதவுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில், இந்த எட்டு மணி நேரம் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடக் கூடாதா என்று ஏங்கியதிலிருந்து பிறந்த கதை இது. அந்த ஏக்கம் நிறைவேறினால் விடுபட்ட எட்டு மணி நேரத்தை யார் சுமப்பார் என்று தொடர் கேட்கிறது.

இது நோயின் கதையா?

தமிழ்ப் பார்வையாளர்களுக்கு இந்தக் குழப்பம் வருவது இயல்பு. 2005ஆம் ஆண்டில் ‘சந்திரமுகி’, ‘அந்நியன்’ என்று அடுத்தடுத்து இரண்டு பெரிய படங்கள் வந்தன. ஓர் உடல், பல ஆளுமை என்றாலே கங்காவும் அம்பியும்தான் நம் கண்முன் வருகிறார்கள். இரண்டிலும் ஒரு மருத்துவர் வருகிறார், நோய்க்குப் பெயர் சொல்கிறார், சிகிச்சை நடக்கிறது.

முன்பு பல ஆளுமைக் கோளாறு என்று அழைக்கப்பட்ட அந்த நோய்க்கு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1994இல் பெயரை மாற்றியது. விலகல் அடையாளக் கோளாறு என்று அதைத் தமிழில் சொல்லலாம். ‘பல ஆளுமை’ என்ற பெயர், ஒருவருக்குள் பல முழு மனிதர்கள் குடியிருப்பதாக எண்ண வைத்தது. ஓர் அடையாளம் ஒன்றுசேராமல் சிதறிக் கிடக்கிறது என்பதே மருத்துவர்கள் வலியுறுத்த விரும்பியது. சிறுவயதில் தொடர்ந்து அனுபவித்த கொடுமையோடு இந்தக் கோளாறு பெரும்பாலும் தொடர்புபடுகிறது. தாங்க முடியாததைத் தாங்குவதற்கு மனம் தானாகக் கண்டுபிடித்த வழி அது. மனச்சிதைவு நோய் இதிலிருந்து வேறுபட்டது. இல்லாத குரல் கேட்பதும் ஆதாரமற்ற நம்பிக்கையில் உறைந்துபோவதும் அதன் அறிகுறிகள். அதில் இரண்டு ஆளுமைகள் என்ற பேச்சே இல்லை. இந்த இரண்டு நோய்களையும் சினிமா ஒன்றாகக் குழப்பி, நோயாளிகளைக் கொலைகாரர்களாகவும் காட்டிக் காட்டி, சிகிச்சைக்குப் போக வேண்டியவர்களை வெட்கப்பட வைத்திருக்கிறது.

‘செவரன்ஸ்’ கதையில் பிரிவினைக்குக் காரணம் நோய் இல்லை. ஆட்கள் திட்டமிட்டுச் செய்த ஓர் அறுவை சிகிச்சைதான் காரணம். மனம் தன்னைக் காத்துக்கொள்ளப் பிரியவில்லை. ஒரு நிறுவனம் தன் வசதிக்காகப் பிரித்தது.

இன்னொரு பழைய கதையோடும் இதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1886இல் வெளியிட்ட ஜெக்கில், ஹைடு கதை அது. அங்கே ஒருவர் நல்லவர், மற்றவர் கெட்டவர். ஆனால் ஹைடாக இருந்தபோது செய்தது ஜெக்கிலுக்கு நினைவிருக்கிறது. நினைவு பொது, குணம் வேறு. ‘செவரன்ஸ்’ இதை அப்படியே திருப்பிப் போடுகிறது. மார்க்கின் நகைச்சுவையும் பிடிவாதமும் இரக்கமும் இரண்டு பக்கத்திலும் ஒன்றுதான். நினைவு மட்டும் இரண்டு. நல்லது கெட்டது என்ற பிரிவினையை எடுத்துவிட்டதால், ஒருவரை ஒருவரிடமிருந்து வேறாக்குவது எது என்ற கேள்வி தனியாக வந்து நிற்கிறது.

நினைவு போனால் ஆள் போய்விடுமா?

தொடரின் முதல் காட்சி இதுதான்: ஒரு பெண் கூட்ட அறையின் மேசைமேல் கவிழ்ந்தபடி கண்விழிக்கிறாள். ஒலிபெருக்கியிலிருந்து ஒரு குரல் கேள்வி கேட்கிறது. நீ யார்? தெரியவில்லை. எந்த மாநிலத்தில் பிறந்தாய்? தெரியவில்லை. அமெரிக்க மாநிலம் ஏதாவது ஒன்றின் பெயரைச் சொல். டெலவேர் என்கிறாள். உன் அம்மாவின் கண் என்ன நிறம்? தெரியவில்லை. பதில் தெரியாமல் போனதே சரியான விடை; அறுவை சிகிச்சை வெற்றி.

இந்தக் காட்சிக்குப் பின்னால் உண்மையான அறிவியல் இருக்கிறது. நினைவு என்பது ஒரே பொருள் இல்லை என்று உளவியலாளர் எண்டெல் டல்விங் 1972இல் பிரித்துக் காட்டினார். உலகத்தைப் பற்றிய அறிவு ஒரு வகை. என் வாழ்வில் எனக்கு நடந்தது இன்னொரு வகை. டெலவேர் முதல் வகை, அம்மாவின் கண் இரண்டாம் வகை. சைக்கிள் ஓட்டுவது போன்ற உடலின் பழக்கம் இவற்றிலிருந்து வேறான மூன்றாவது வகை.

இந்த மூன்றாவது வகை தனியானது என்பதை உலகம் நம்பியதற்கு முதற்காரணம் ஹென்றி மோலைசன் என்ற மனிதர். வலிப்பு நோயைத் தணிப்பதற்காக 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருடைய மூளையின் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை அகற்றினார். அப்போது அவருக்கு வயது 27. அதற்குப் பிறகு 2008இல் இறக்கும்வரை, நடந்த எதையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. தினமும் வந்து சோதனை நடத்தியவர்களும் அவருக்குப் புது ஆட்கள்தான். உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு, நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலால் வரைய வேண்டும். ஒவ்வொரு நாளும் இப்படி ஒன்றைச் செய்ததே இல்லை என்றுதான் நினைத்தார் மோலைசன். கை மட்டும் நாளுக்கு நாள் தேர்ந்துகொண்டே வந்தது.

மோலைசனின் நினைவு போனது. மோலைசன் போகவில்லை. குறுக்கெழுத்துப் புதிர்களில் அவருக்கு ஆசை இருந்தது, அறிவுக்கூர்மை குறையவில்லை, பழகியவர்கள் எல்லாரும் அவரை மென்மையானவர் என்றே சொன்னார்கள். நினைவு குறைந்தவர் குறைந்த மனிதர் என்று யாராவது வாதிட்டால், இந்த ஒருவரின் வாழ்க்கையே அதற்கு மறுப்பு.

இரண்டு தனி நினைவுத் தொடர்கள் ஓர் உடலில் மாறி மாறி ஓடிய நிகழ்ச்சியும் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஆன்சல் போர்ன் என்ற மதபோதகர் 1887 ஜனவரியில் வங்கியில் பணம் எடுத்துக்கொண்டு போனவர் காணாமல் போனார். பென்சில்வேனியாவின் நாரிஸ்டவுனில் ஏ. ஜே. பிரவுன் என்ற பெயரில் ஒருவர் சின்னக் கடை பிடித்து எழுதுபொருள்களும் மிட்டாயும் பழமும் விற்றுக்கொண்டிருந்தார். மார்ச் மாதத்தில் ஒருநாள் அதிகாலை அவர் பதறி எழுந்து, நான் எங்கே இருக்கிறேன் என்று அக்கம்பக்கத்தாரிடம் கேட்டார். தன் பெயர் போர்ன் என்றார். கடையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றார். 1890இல் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் அவரை அறிதுயிலில் ஆழ்த்தினார். பிரவுன் வெளியே வந்து கடை நாள்களை விவரித்தார். போர்னைச் சந்தித்ததாகத் தனக்குத் தெரியாது என்றார். இரண்டு நினைவுகளையும் ஒன்றாக இணைக்க ஜேம்ஸ் முயன்றார். முடியவில்லை.

இந்தச் சிக்கலை அதற்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு முன்பே எண்ணிப் பார்த்தவர் ஜான் லாக். மனித அறிவைப் பற்றிய தன் நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் ஒரு கற்பனையை வைத்தார். ஒரே உடலில் பகலில் ஒரு பிரக்ஞையும் இரவில் இன்னொரு பிரக்ஞையும் இயங்குகின்றன. ஒன்றின் நினைவு மற்றதற்குத் தெரியாது. அப்படியானால் பகல் ஆளும் இரவு ஆளும் சாக்ரடீசும் பிளேட்டோவும் போல இரண்டு வேறு நபர்கள் இல்லையா என்று கேட்டார். லாக்கின் கணக்குப்படி மார்க் ஸ்கவுட்டும் மார்க் எஸ்ஸும் இரண்டு பேர். நினைவுதான் ஒருவரை அவராக ஆக்குகிறதா என்பதில் அவருக்குப் பின்வந்த தத்துவவாதிகள் இன்றுவரை உடன்படவில்லை. ஆனால் நம் தீர்ப்புக்கு அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்னி தனி நபரா என்பது விவாதத்துக்குரியது. இன்னிக்கு வலிக்கிறது என்பதில் விவாதம் இல்லை.

அறிவியலின் இன்றைய நிலையையும் தெளிவாகச் சொல்லிவிடலாம். இடம் மாறினால் ஆள் மாறும் சிப் எதுவும் உலகில் இல்லை. அமெரிக்காவின் எம்ஐடியில் சுசுமு டோனெகாவாவின் ஆய்வுக்குழு 2012இல் எலியின் மூளையில் ஒரு குறிப்பிட்ட பயத்தின் நினைவைத் தாங்கிய நரம்பணுக்களை ஒளியால் தூண்டி அந்தப் பயத்தை மீண்டும் எழுப்பிக் காட்டியது. அதைச் செய்ய எலியின் மரபணுவையே மாற்ற வேண்டியிருந்தது. அங்கிருந்து லூமனின் லிஃப்டுக்கு வெகுதூரம் இருக்கிறது.

சம்மதம் யாருடையது?

மேசைமேல் கண்விழித்த பெண்ணின் பெயர் ஹெல்லி. முதல் நாளிலேயே வேலையை விட விரும்புகிறாள். விடலாம், ஆனால் அவுட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். ராஜினாமா கடிதம் மேலே போகிறது, மறுக்கப்பட்டுத் திரும்புகிறது. எழுத்தை ஒளித்து வெளியே அனுப்பப் பார்க்கிறாள். லிஃப்டில் எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறது. பேப்பர் வெட்டும் கத்தியின் அடியில் விரல்களை வைத்து, என்னை விடாவிட்டால் வெட்டிக்கொள்வேன் என்கிறாள். பதிலாக ஒரு காணொளி வருகிறது. அதே முகம், அதே குரல். நான் மனுஷி, நீ இல்லை, முடிவெடுப்பது நான் என்று அவுட்டி சொல்கிறாள். விரல்களை வெட்டினால் அதையும் நீதான் அனுபவிப்பாய் என்று எச்சரிக்கிறாள்.

இந்தக் காட்சியில் தொடரின் மையம் முழுவதும் இருக்கிறது. சம்மதம் என்றால் இரண்டு விஷயங்கள் சேர்ந்திருக்க வேண்டும். அனுபவிக்கப் போகிறவரே ஒப்புக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று தோன்றும்போது அவரால் விலக முடிய வேண்டும். ஹெல்லிக்கு இரண்டும் இல்லை. அவள் பிறப்பதற்கு முன்பே யாரோ கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். விலகவும் அந்த யாரோதான் அனுமதிக்க வேண்டும். அந்த யாரோ, நிறுவனத்தை நடத்தும் ஈகன் குடும்பத்தின் மகளான ஹெலெனா என்று முதல் பருவத்தின் முடிவில் தெரியவருகிறது. இந்த அறுவை சிகிச்சை நல்லது என்று உலகுக்கு விளம்பரம் செய்ய அவள் தன் உடலைக் கொடுத்தாள். உடல் அவளுடையது, உழைப்பு ஹெல்லியுடையது.

‘அவர் உடலை அவர் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்’ என்று ஒரு வாதம் வரும். தனிமனித சுதந்திரத்துக்கு வாதாடிய ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இலேயே இதற்கு ஓர் எல்லை வகுத்தார். ஒருவர் தன்னைத் தானே அடிமையாக விற்றுக்கொள்ளும் உரிமை சுதந்திரத்தில் அடங்காது என்றார். அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு அவருக்கு மாற்றி யோசிக்கும் வாய்ப்பே இருக்காது என்பதுதான் காரணம். தன்னையே விற்கக் கூடாது என்றால், தன்னைப் பற்றி ஒன்றும் தெரியாத இன்னொரு பிரக்ஞையை உண்டாக்கி அதை விற்பது எப்படி நியாயமாகும்?

தொடர் இதைப் படிப்படியாக விரிக்கிறது. ஒரு செனட்டரின் மனைவி பிரசவ வலியைத் தவிர்க்க இதே சிகிச்சையைச் செய்துகொண்டிருக்கிறாள். அவளுக்கு வலி இல்லை. வலியைப் பட்டவள் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்குக் குழந்தை இல்லை. இரண்டாம் பருவத்தில், இறந்ததாக நம்பப்பட்ட ஜெம்மா லூமனின் அடித்தளத்தில் உயிரோடு அடைபட்டிருக்கிறாள். பல அறைகள், ஒவ்வோர் அறைக்கும் ஒரு தனிப் பிரக்ஞை. ஓர் அறையில் பல் சிகிச்சை மட்டும். ஓர் அறையில் குலுங்கும் விமானம் மட்டும். இன்னோர் அறையில் கை ஓயும்வரை நன்றிக் கடிதம் எழுதுவது மட்டும். பல் மருத்துவரின் நாற்காலியைத் தவிர வேறு உலகமே அறியாத ஒரு பெண்ணை உண்டாக்குவதற்குப் பெயர் வலி நிவாரணம் இல்லை. அது சித்திரவதை.

இங்கேதான் நிறுவனத்தின் லாபமும் புரிகிறது. இன்னிக்குக் குடும்பம் இல்லை, வழக்கறிஞர் இல்லை, அடுத்த வேலை என்ற வாய்ப்பும் இல்லை. நாளெல்லாம் வேலையாகத் தான் பிரித்துக் கோக்கும் எண்கள் எதற்காக என்றும் தெரியாது. நல்ல வேலைக்குப் பரிசு முலாம்பழ விருந்தும் வாஃபிள் விருந்தும். தப்புச் செய்தால் ஓர் இருட்டறையில் மன்னிப்பு வாசகத்தை, உண்மையாக ஒலிக்கிறது என்று கருவி சொல்லும்வரை, திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். வேலையையும் வீட்டையும் சமன்செய்யும் வழி என்று லூமன் விற்பது, புகார் சொல்ல வெளியே போக முடியாத தொழிலாளியைத்தான்.

மனைவி அழைக்கும்போது

இரண்டாம் பருவத்தின் கடைசியில் இரு மார்க்கும் ஒரு வீடியோ கேமரா வழியாக, பதிவுகளை மாற்றி மாற்றிப் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். ஜெம்மாவை மீட்க உதவு, பிறகு நம் இருவரின் நினைவையும் ஒன்றாக்கிக்கொள்ளலாம் என்கிறார் அவுட்டி. நான் சில ஆண்டுகளே வாழ்ந்தவன், நீ ஒரு முழு ஆயுள் வாழ்ந்தவன். கலந்தால் உன்னில் நான் எவ்வளவு மிஞ்சுவேன் என்று சந்தேகப்படுகிறார் இன்னி. என்றாலும் ஜெம்மாவை மீட்டு வெளிக்கதவுவரை கொண்டுவந்து விடுகிறார். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ஜெம்மா கதறி அழைக்கிறாள். இந்தப் பக்கம் மார்க் எஸ் நேசிக்கும் ஹெல்லி வந்து நிற்கிறாள். மார்க் எஸ் ஹெல்லியிடம் போகிறார்.

பலருக்கு இந்த முடிவின்மேல் கோபம். நமக்கு இதை எடைபோட ஓர் அளவுகோல் வீட்டிலேயே இருக்கிறது. பெரியபுராணத்தில் வரும் திருமூலர் கதை. பொதிகைக்குப் போகும் வழியில், சாத்தனூருக்கு அருகே மேய்ப்பன் மூலன் இறந்து கிடக்க, பசுக்கள் சுற்றி நின்று கலங்குவதை ஒரு யோகி காண்கிறார். அவற்றின் துயர் தீர்க்க மூலன் உடலில் புகுகிறார். பசுக்களை ஊருக்கு ஓட்டிவந்து விடுகிறார். மூலனின் மனைவி அவரை வீட்டுக்கு அழைக்கிறாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்று சொல்லி மடத்துக்குப் போய் யோகத்தில் அமர்கிறார். அவள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். அவர்கள் வந்து ஆராய்ந்து பார்க்கிறார்கள். இவர் பழைய உறவுக்குத் திரும்பும் நிலையில் இல்லை என்று உணர்ந்து அவளைத் தேற்றி அழைத்துப் போகிறார்கள்.

இரண்டு கதைக்கும் வேறுபாடு உண்டு. மூலன் இறந்துவிட்டான், அவுட்டி மார்க் உயிரோடு இருக்கிறார், அவருக்கும் அந்த உடலில் உரிமை இருக்கிறது. ஜெம்மாவின் கண்ணீருக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் சாத்தனூர்ப் பெரியவர்கள் கடைப்பிடித்த முறை இங்கும் பொருந்தும். அவர்கள் உடலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. உள்ளே இருப்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று விசாரித்துவிட்டுச் சொன்னார்கள். அப்படி விசாரித்தால், மார்க் எஸ் ஜெம்மாவுக்குத் துரோகம் செய்த கணவர் இல்லை. அவளோடு ஒரு நாளும் வாழாத, கதவைத் தாண்டினால் தன் வாழ்வு முடிந்துவிடக்கூடும் என்று அறிந்த, தன் வாழ்நாளில் முதல்முறையாகத் தனக்காக ஒரு முடிவெடுத்த ஆள்.

ஆகவே இந்தத் தொடரைப் பார்ப்பவர்கள், இவர் ஒருவரா இருவரா என்ற புதிரில் சிக்கிக்கொள்ளாமல் இரண்டு எளிய கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இந்த வலியைப் படுவது யார்? அவரிடம் யாராவது கேட்டார்களா? மூளைக்குள் என்னென்னவோ செய்யக்கூடிய கருவிகள் நம் பிள்ளைகள் காலத்தில் வரலாம், வராமலும் போகலாம். எது வந்தாலும், வலியைச் சுமக்கிறவருடைய சம்மதம் இல்லாமல் போடப்படும் கையெழுத்து செல்லாது. அந்தக் கை அவருடையதாகவே இருந்தாலும் செல்லாது.